அலையை எண்ணிய படகுகள்

துறைமுகம் இல்லாத ஒரு கடற்கரை இருந்தது. அங்கே கரையிலிருந்து அரை மைல் தூரம் வரை அலைகள் ஓயாமல் புரளும். ஆழம் போதாது, அடியில் மணல் திட்டு வேறு. பெரிய கப்பல் எதுவும் அந்தக் கரையை அண்ட முடியாது. அண்டினால் தரை தட்டும். தட்டிய கப்பலை அலை சும்மா விடாது.

அந்தக் கரையில் நாற்பது தையல் படகுகள் வாழ்ந்தன. பலகையோடு பலகையைச் சேர்த்துத் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அவை. ஓர் ஆணிகூடக் கிடையாது. ஆணி அடித்த படகு அலை மோதும்போது விறைத்துக்கொண்டு நிற்கும், உடையும். தையல் படகு வளைந்து கொடுக்கும், அலை போனதும் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். அதனால் அந்த அலைகளைத் தாண்டிப் போகவும் வரவும் அவற்றால் மட்டுமே முடிந்தது. துடுப்புப் போட ஆள் வேண்டாமா, படகு தானாகப் போகுமா என்று யாரும் கேட்க வேண்டாம். இந்தக் கதையில் படகுகள் பேசப் போகின்றன. பேசத் தெரிந்த படகுக்குப் போகத் தெரியாதா?

ஒரு வருஷம் சீமைக் கப்பல் ஒன்று வந்து, அலைகளுக்கு அப்பால் நங்கூரம் போட்டது. மூன்று பாய்மரம். பக்கத்துக்குப் பத்துப் பீரங்கி. ஆனாலும் பணிவாகத்தான் பேசிற்று.

"மூட்டைகளைக் கரை சேர்க்க வேண்டும். உதவி செய்வீர்களா?"

வந்தவர்களுக்கு உதவுவது அந்தக் கரையின் வழக்கம். படகுகள் உதவின. அடுத்த வருஷம் கப்பல் கேட்கவில்லை, சொல்லிற்று. அதற்கடுத்த வருஷம் சொல்வதற்குக்கூட அலுத்துப்போய், தன் சார்பில் கரையில் ஒரு கொடிமரத்தை நட்டது.

கொடிமரம் வேறெங்கிருந்தும் வந்ததல்ல. அதே கரையில் நின்ற பனைமரம்தான். வெட்டிச் செதுக்கி, வெள்ளைச் சாயம் பூசி, உச்சியில் ஒரு பித்தளைக் குமிழை வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், அதன் பேச்சே மாறிப்போயிற்று.

"நீலக் கொடி ஏறினால் போக வேண்டும். மஞ்சள் கொடி ஏறினால் போகக்கூடாது. எல்லாம் உங்கள் நன்மைக்காகவே. அலையின் ஆபத்து உங்களுக்குத் தெரியாது" என்று அது அறிவித்தது.

அலையிலேயே பிறந்து அலையிலேயே வளர்ந்தவர்களுக்கு அலை தெரியாதாம்! அதைவிட வேடிக்கை, படகுகள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததுதான்.

கொடிமரம் வருவதற்கு முன்பு ஒவ்வொரு படகும் தானே அலையை எண்ணும். சின்ன அலைகள் வந்துகொண்டே இருக்கும். பிறகு பெரிய அலைகள் அடுத்தடுத்து வரும். அவை விழுந்த பிறகு கடல் கொஞ்சம் மூச்சு வாங்கும். அந்த மூச்சுக்குள் புறப்பட்டுவிட வேண்டும். எத்தனை சின்னது, எத்தனை பெரியது என்பது நாளுக்கு நாள், காற்றுக்குக் காற்று மாறும். அதனால் தினமும் காலையில் உட்கார்ந்து எண்ணியாக வேண்டும். கொடிமரம் வந்த பிறகு யார் எண்ணுவார்கள்? கழுத்தைத் திருப்பிக் கொடியைப் பார்த்தால் போதுமே. சில வருஷங்களில் எண்ணும் வித்தையே மறந்துவிட்டது. கப்பல் இவர்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. இவர்கள்தான் சோம்பலில் கைவிட்டார்கள்.

அதன் பலன் ஓர் ஐப்பசி மாதக் காலையில் தெரிந்தது.

கன்னியப்பன் என்று ஒரு கட்டுமரம். மூன்றே மூன்று கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த சின்ன உடம்பு. வேம்புலி என்ற தையல் படகுக்கு அது தம்பி முறை. இரண்டும் ஒரே தோப்பு மரம். கன்னியப்பன் மீனுக்குப் போய்த் திரும்பும்போது காற்று திடீரென்று மாறியது. பிணைக்கயிறு ஒன்று அறுந்தது. கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் அது தத்தளித்தது.

"யாராவது வாங்க! யாராவது வாங்க!" என்று அது கூப்பிட்டது கரை முழுக்கக் கேட்டது.

கொடிமரத்தில் மஞ்சள் கொடி பறந்துகொண்டிருந்தது.

"கொடிய மாத்து! என் தம்பி அங்க கீறான்!" என்று வேம்புலி கத்தியது.

"உத்தரவு இல்லை. மாலையில் கப்பலிலிருந்து மூட்டை இறக்க வேண்டும். அதற்குள் எந்தப் படகும் அடிபடக்கூடாது" என்றது கொடிமரம்.

வேம்புலியை யாரும் கட்டிப்போடவில்லை. அது போயிருக்கலாம். ஆனால் கொடி மாறட்டும், கொடி மாறட்டும் என்று நின்றது. கூப்பிட்ட குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றுபோனது. மத்தியானத்துக்குப் பிறகு மூன்று கட்டைகளும் தனித்தனியாகக் கரை ஒதுங்கின.

மாலையில் நீலக் கொடி ஏறியது. மூட்டை இறக்க நாற்பது படகுகளும் போயின. ஆமாம், வேம்புலியும்தான் போனது. இதைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. ஆனால் நடந்தது இதுதான்.

மறுநாள் காலை நீலக் கொடி ஏறியபோது, நாகாத்தாள் என்ற படகு மணலை விட்டு அசையவில்லை. அது ஒன்றும் பெரிய வீராங்கனை அல்ல. அதுவரை வாய் திறந்து நாலு வார்த்தை பேசியதில்லை. பக்கவாட்டில் இரண்டு தையல் பிரிந்து, பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைத்த வைக்கோல் துருத்திக்கொண்டிருந்த சாதாரணப் படகு.

"நாகாத்தாள்! நீலம் தெரியவில்லையா?" என்றது கொடிமரம்.

"தெரியுது. நான் போவல."

"காரணம்?"

"நேத்து போன வெக்கம் இன்னும் ஒடம்புல கீது. அது போவட்டும்."

கிளம்பப் போன படகுகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த வெட்கம் எல்லாவற்றுக்கும் இருந்தது. சொல்லத்தான் ஒரு வாய் இல்லாமல் இருந்தது.

வேம்புலி பாய்ந்து வந்தது. "போவாம படுத்துகினா போதுமா யக்கா? நாப்பது பேரும் ஒண்ணா போவோம். அதோட நங்கூரக் கயித்த அறுத்து உடுவோம். திட்டுல மோதி நொறுங்கட்டும்!"

"அறுத்தா இன்னா ஆவும்?"

"சாவும்."

"செரி, சாவும். அடுத்த மாசம் இன்னொண்ணு வரும். அதுவும் ஒரு கொடி நடும். நாமளும் கழுத்தத் திருப்பிகினு நிப்போம். தம்பி, அது நம்மளக் கட்டி இழுத்துகினு போவல. நாமளாத்தான் போனோம். நாம போவலன்னா அதால ஒரு மூட்டைய எறக்க முடியுமா, சொல்லு."

வேம்புலிக்குக் கோபம் போகவில்லை.

"இனிமே கொடி சொல்லி யாரும் போவ வேணாம்" என்றது நாகாத்தாள். "யாரையும் மோதவும் வேணாம், யார் கயித்தையும் அறுக்கவும் வேணாம். ஆனா தெனம் காலைல எல்லாரும் ஒக்காந்து அலைய எண்ணணும்."

"சண்டைக்குக் கூப்புடுவன்னு பாத்தா எண்ணச் சொல்றியே!" என்று வேம்புலி தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னது.

"கொடிய எறக்கிட்டா மட்டும் போதுமா? அப்புறம் எத வெச்சி கடலுக்குப் போவ?"

முதல் நாள் கப்பல் சிரித்தது. படகுகளுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றது. இரண்டாம் நாள் குரலைப் பெரிதாக்கும் ஊதுகுழலை வாயில் வைத்து அதட்டியது. நாற்பது படகுகளும் கப்பலின் கண்ணில் படும்படி வரிசையாக மணலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தன. எண்ணிக்கை என்னவோ படுமோசம். ஒன்று ஏழு என்றது, ஒன்று ஒன்பது என்றது. நடுவில் ஒன்று தூங்கிப்போனது. பெரிய அலை எது, சின்ன அலை எது என்பதிலேயே இரண்டு படகுகளுக்குள் கைகலப்பு வரப் பார்த்தது. கொடிமரத்துக்கு ஒரே கொண்டாட்டம்.

"பார்த்தீர்களா? ஓர் எண்ணிக்கையில் ஒத்துப்போகத் தெரியவில்லை. உங்களைப் பார்த்துக்கொள்ள நான் இல்லாவிட்டால் என்ன ஆவீர்கள்?"

அது குத்தலாகச் சொன்னதுதான். ஆனால் அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் எல்லாருக்கும் வலித்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்கள்.

மூன்றாம் நாள் கொடிமரம் வேறு மாதிரிப் பேசியது. "முதலில் கடலில் இறங்கும் படகுக்கு நல்ல சீமை ஆணிகள் அடித்துத் தரப்படும். அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு. மற்ற படகுகளுக்கெல்லாம் அதுதான் தலைமை."

ஏகாம்பரம் என்ற படகு மெதுவாகத் தண்ணீரை நோக்கி நகர்ந்தது. பல வருஷமாக அதற்கு ஓரத்தில் ஒழுகல். ஆணியும் தகடும் என்றதும் ஆசை வந்துவிட்டது. வேம்புலி குறுக்கே பாய முன்னால் வந்தது.

"வேணாம், வழிய உடு" என்றது நாகாத்தாள். "நாம அவனத் தடுத்தா நாமளும் ஒரு கொடிமரந்தான்."

யாரும் தடுக்கவில்லை. யாரும் திட்டவும் இல்லை. விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கை தொடர்ந்தது. ஏகாம்பரம் முழங்கால் ஆழத் தண்ணீரில் வெகுநேரம் நின்றது. முன்னால் கப்பல், பின்னால் முப்பத்தொன்பது குரல். கடைசியில் திரும்பி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே எண்ணியது. பக்கத்துப் படகுகள் இரண்டு சேர்ந்து அதன் ஒழுகலைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கொடுத்தன.

நான்காம் நாள் நாற்பது குரலும் ஒரே குரலாயின. ஏழு சின்னது, மூன்று பெரியது, பிறகு மூச்சு. கொடிமரத்தின் கொண்டாட்டம் அன்றோடு முடிந்தது.

ஐந்தாம் நாள் கப்பலில் குடிதண்ணீர் தீர்ந்தது. அதையும் இந்தப் படகுகள்தான் கரையிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கும். பீப்பாய்கள் காலியாக உருண்டன. கப்பலுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. கரையைப் பார்த்த பத்துப் பீரங்கிகளின் மூடிகளும் திறந்தன.

"நாளை நண்பகல் வரை பொறுப்பேன்" என்று ஊதுகுழல் அலறியது. "அதற்குள் வராவிட்டால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் மணலோடு சேர்த்து உங்களைக் கொளுத்துவேன்."

படகுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எல்லாம் காய்ந்த மரம், கயிறு, வைக்கோல். ஒரு பொறி போதும்.

"மணல் மேட்டுக்குப் பின்னால போயிடலாமா?" என்று ஏகாம்பரம் மெதுவாகக் கேட்டது.

"ஒளிஞ்சா, தப்பு பண்ணவங்கன்னு ஆயிடும்" என்றது நாகாத்தாள்.

"உனக்கு பயமே இல்லியா யக்கா?"

"பயமாத்தான் கீது. பயந்துகினேதான் குந்தினு கீறேன்."

வேம்புலியின் மனசெல்லாம் அந்த நங்கூரக் கயிற்றில் இருந்தது. ஒரே ஒரு வெட்டு போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

ஆறாம் நாள் காலையில் கப்பல் ஒரு புதுக் காரியம் செய்தது. தன் வயிற்றோரம் தொங்கிக்கொண்டிருந்த சொந்தப் படகைக் கடலில் இறக்கியது. இரும்பு ஆணிகள் அடித்து, புதுச் சாயம் பூசி மினுமினுத்த படகு. காலிப் பீப்பாய்களை அதில் ஏற்றி, "நீயே போய்த் தண்ணீர் கொண்டு வா. உன்னால் முடிந்துவிட்டால் இந்தப் பிச்சைக்காரப் படகுகள் நமக்கு எதற்கு? வந்ததும் கொளுத்திவிடலாம்" என்றது.

கரையில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆணிப்படகு கரை சேர்ந்தால் இவர்கள் கதை முடிந்தது. சேராவிட்டால் கப்பல் தாகத்தில் தானாகப் பணியும். நாற்பது படகுகளும் எண்ணுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தன.

ஆணிப்படகு விறைப்பாக வந்தது. அலையை எண்ணவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. முதல் பெரிய அலை அதைத் தூக்கியது, இரண்டாவது குறுக்கே திருப்பியது, மூன்றாவது மணல் திட்டில் அறைந்தது. பீப்பாய்கள் சிதறின. ஓரத்தில் ஆணிகள் பிடுங்கிக்கொண்டு பலகை பிளந்தது. திட்டு அதைக் கவ்விக்கொண்டது. இனி வருகிற ஒவ்வொரு அலையும் அதை ஒவ்வொரு துண்டாகக் கழற்றும்.

கொடிமரத்தில் மஞ்சள் கொடி சரசரவென்று ஏறியது. அபாயம் என்றால் மஞ்சள், அது விதி. ஐந்து நாள் தான் மிரட்டியவர்களிடம் இப்போது உதவி கேட்கக் கப்பலுக்கு நாக்கு எழவில்லை.

"சாவட்டும்!" என்றது வேம்புலி. அதன் முகத்தில் சந்தோஷம் வழிந்தது. "என் தம்பி கத்துனப்ப இது கப்பல் மேல தொங்கினு வேடிக்கதான பாத்துச்சி? சாவட்டும். நாம ஜெயிச்சிட்டோம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நாகாத்தாளும் பேசவில்லை.

அப்போது காற்று திரும்பி ஆணிப்படகின் குரலைக் கரைக்குக் கொண்டுவந்தது. அது என்ன பாஷையில் கத்தியதோ தெரியாது. வேம்புலியின் காதில், "யாராவது வாங்க! யாராவது வாங்க!" என்றுதான் விழுந்தது.

வேம்புலி நாகாத்தாள் பக்கம் திரும்பியது. "யக்கா, நான் இன்னா பண்ண?" என்று கேட்டது.

"என்னக் கேக்காத" என்றது நாகாத்தாள். "போன்னும் சொல்ல மாட்டேன், போவாதன்னும் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

வேம்புலி கடலைப் பார்த்தது. "ஒண்ணு" என்றது. "ரெண்டு... மூணு..." ஏழு சின்ன அலைகள் வந்தன. மூன்று பெரியவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கடல் மூச்சு வாங்கியது. வேம்புலி இறங்கிவிட்டது.

போன வேகத்தில் ஒரு தடவைகூட அது கழுத்தைத் திருப்பவில்லை. நடுவில் ஓர் அலை எண்ணிக்கைக்கு வெளியே வந்து தலைக்கு மேல் எழுந்தது. வேம்புலி வளைந்தது, பலகைகள் கிரீச்சிட்டன, கயிறுகள் இழுபட்டு இழுபட்டு, பிறகு நிமிர்ந்தன. கரையில் முப்பத்தொன்பது படகுகளும் மூச்சை விட்டன.

பக்கத்தில் வந்த வேம்புலியைப் பார்த்து ஆணிப்படகு மிரண்டது. "என்னை அடிக்க வந்தாயா?"

"அதுக்குத்தான் வரேன்னு நெனச்சிகினு வந்தேன்" என்றது வேம்புலி. "கிட்ட வந்து பாத்தா நீயும் மரந்தான். கயித்தப் புடி."

திட்டிலிருந்து அதை இழுத்துவிடப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு தடவை கயிறு நழுவியது. மூன்றாம் தடவை ஆணிப்படகு விடுபட்டது. மிதந்த பீப்பாய்களையும் வேம்புலி ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டது.

"கரைக்குப் போகிறோமா?" என்று ஆணிப்படகு கேட்டது.

"கரைக்கு இல்ல. உன் ஊட்டுக்கு."

வேம்புலி கப்பலை நோக்கித் திரும்பியது. நங்கூரக் கயிற்றை ஒட்டித்தான் அது போக வேண்டியிருந்தது. கனவில்கூட விடாமல் நினைத்துக்கொண்டிருந்த கயிறு. அதைத் தொடாமல் தாண்டிப் போய், ஆணிப்படகைக் கப்பலின் பக்கத்தில் சேர்த்து, பீப்பாய்களையும் கொடுத்தது.

கப்பலுக்கு உயிர் வந்தது. "வந்தாயா! வழிக்கு வந்துவிட்டாயே! இந்தா, இந்த மூட்டைகளை ஏற்றிக்கொள்."

"மூட்டைக்கு வரல. இவன உடத்தான் வந்தேன்."

"என்ன துணிச்சல்! யார் உத்தரவில் வந்தாய்? கொடி மஞ்சள் அல்லவா?"

வேம்புலி யோசித்தது. "மஞ்சளா? நான் பாக்கல" என்றது.

அது திமிராகச் சொன்ன பதில் அல்ல. உண்மையாகவே பார்க்கவில்லை. ஆனால் அதைக் கேட்ட கப்பலின் மூன்று பாய்மரங்களும் ஆட்டம் கண்டன. வேம்புலி நங்கூரத்தை அறுத்திருந்தால்கூடக் கப்பல் அவ்வளவு பயந்திருக்காது. மஞ்சளுக்குப் பயந்து நிற்கிற படகை மிரட்டலாம். மஞ்சளை மீறுகிற படகைத் தண்டிக்கலாம். மஞ்சள் கண்ணிலேயே படாத படகை என்ன செய்வது?

வேம்புலி காலியாகக் கரையைப் பார்த்துத் திரும்பியது.

"சுடு!" என்றது கப்பல்.

பீரங்கி முழங்கியது. குண்டு வேம்புலியின் இடது பக்கத்துப் பலகையைப் பிய்த்துக்கொண்டு போனது. கடல் உள்ளே பாய்ந்தது. வேம்புலி விளிம்பு வரை மூழ்கியது. ஆனால் மற்றப் பலகைகளைத் தையல் விடவில்லை. பாதி உயிரோடு அலைக்கும் கப்பலுக்கும் நடுவில் அது மிதந்தது.

கரையில் இருந்த படகுகள் தண்ணீர் விளிம்புக்கு நகர்ந்தன.

"போகாதீர்கள்! மஞ்சள்! மஞ்சள்!" என்று கொடிமரம் தொண்டை கிழியக் கத்தியது. "போனால் ஒன்றும் மிஞ்சாது!"

நாகாத்தாள் கடலைப் பார்த்தபடி சொன்னது ஒரே வார்த்தை: "எண்ணுங்க."

முப்பத்தொன்பது குரல்கள் எண்ணின. பீரங்கி இன்னொரு முறை முழங்கி, மணலைக் கிளப்பிவிட்டது. எண்ணிக்கை தப்பவில்லை. கடல் மூச்சு வாங்கியபோது முப்பத்தொன்பது படகுகளும் ஒரே நேரத்தில் இறங்கின. ஏகாம்பரம் முன் வரிசையில் இருந்தது. அலைகளைத் தாண்டி, நேராகப் போய், வேம்புலிக்கும் கப்பலுக்கும் நடுவே ஒன்றையொன்று தொட்டபடி நின்றன. ஒரு துடுப்பும் ஓங்கப்படவில்லை. ஒரு வசவும் எழவில்லை. பீரங்கி வாய்களுக்கு நேர் எதிரே, ஓட்டைப் படகுகளும் ஒட்டுப்போட்ட படகுகளுமாக நின்றுகொண்டு, கப்பலை நிமிர்ந்து பார்த்தன. நாகாத்தாள் நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லாமே நடுங்கிக்கொண்டுதான் இருந்தன.

"எதைச் சுட வேண்டும்?" என்று பீரங்கி கேட்டது.

"எல்லாவற்றையும்!" என்றது கப்பல்.

"சுடுகிறேன். சுடுவதுதான் என் வேலை. முடிந்த பிறகு நமக்குத் தண்ணீர் கொண்டுவரப் போவது யார்?"

கப்பலின் பக்கத்தில் பிளந்த உடம்போடு கிடந்த ஆணிப்படகு, "என்னால் முடியாது" என்று மெல்லச் சொன்னது. காலிப் பீப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வெயில் உச்சிக்கு ஏறியது. கப்பல் விதித்த கெடுவும் வந்து, கடந்து போனது. யாரும் அசையவில்லை.

கடைசியில் கப்பல் தன் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுச் சொந்தக் குரலில் பேசியது. அதன் சொந்தக் குரல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

"தண்ணீர் வேண்டும்" என்றது. சற்றுப் பொறுத்து, "தருவீர்களா?" என்றது.

"தண்ணிதான? கேட்டா குடுப்போம்" என்றது நாகாத்தாள். "தாகம்னு கேட்டவங்கள நாங்க உட்டதில்ல. பீப்பாய எறக்கு. ஆனா மூட்டைய எறக்க மாட்டோம். தண்ணிய நெரப்பிகினு நீ உன் வழிய பாத்துகினு போ."

"கொடி?"

"அது எங்க ஊட்டுப் பன. அத நாங்க பாத்துக்கறோம்."

பீப்பாய்கள் இறங்கின. நான்கு படகுகள் வேம்புலியை அணைத்துப் பிடித்து அலைகளுக்குள் கூட்டிவந்து மணலில் கிடத்தின. பிய்ந்த பலகை வேறு போட வேண்டும். புதுக் கயிறு முறுக்க வேண்டும். தைக்க ஒரு வாரம் ஆகும். வேம்புலி வலியில் முனகியது. ஆனால் ஐப்பசிக் காலையிலிருந்து அதன் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியிருந்தது.

மற்றவை ஊற்று தோண்டிப் பீப்பாய்களை நிரப்பின. பிறகு வரிசையாகத் தண்ணீர் விளிம்பில் வந்து உட்கார்ந்து கடலைப் பார்த்தன. படுத்திருந்த வேம்புலியும் சேர்ந்து எண்ணியது. மூன்றாவது பெரிய அலை விழுந்தது. முப்பத்தொன்பது படகுகளும் புறப்பட்டன.

கொடிமரத்துக்குக் கைகால் ஓடவில்லை. தன் மேல் இன்னும் மஞ்சள் பறப்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது. அவசர அவசரமாக மஞ்சளை இறக்கியது. கயிறு சிக்கிக்கொண்டது. உதறிச் சிக்கெடுத்து, நீலக் கொடியை மாட்டி, உச்சிக்கு ஏற்றி, "போகலாம்! உத்தரவு! எல்லாரும் போகலாம்!" என்று கூவியது.

படகுகள் கடைசி அலையையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.